‘செம மச்சி’னு சொன்னா கப்பல் மிதக்காது!

குட்டிக் கப்பல் செய்யறவங்க உலகத்துல குறை சொல்றதே ஒரு தனிக் கலை. நம்ம புராஜெக்ட் ரிவ்யூவுக்கும் அது அவசரத் தேவை பாஸ்!

நெல்லை, தூத்துக்குடி, குமரி... இந்த மூணு மாவட்டத்துல ஸ்கூல் எக்ஸிபிஷன் பக்கம் எட்டிப் பாருங்க. ஏதோ ஒரு மேஜையில ஒரு கப்பல் கம்பீரமா நிக்கும். தெர்மோகோல்ல உடம்பு, ஐஸ்கிரீம் குச்சியில கைப்பிடி, கறுப்பு நூல்ல கயிறு. கீழே ‘வ.உ.சி. ஓட்டிய சுதேசிக் கப்பல்’னு சார்ட் பேப்பர்ல பெயர். உச்சியில அசோகச் சக்கரத்தோட நம்ம மூவர்ணக் கொடி!

பார்க்க வர்றவங்க ‘சூப்பர்டா தம்பி’னு தட்டிக்கொடுத்துட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துடுவாங்க. ஆனா, கொஞ்சம் கணக்குப் போட்டா இடிக்கும். வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினது 1906-ல. கம்பெனியோட சொந்தக் கப்பல்களான காலியாவும் லாவோவும் வந்து சேர்ந்தது 1907-ல. அசோகச் சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏத்துக்கிட்டதோ 1947 ஜூலை 22-ல. நாற்பது வருஷம் கழிச்சு வரப்போற கொடியை அந்தக் கப்பல் எங்கே இருந்து வாங்கியிருக்கும்?

இன்னும் சில மாடல்கள்ல புகைபோக்கியே இருக்காது. வெறும் பாய்மரம்தான். அது ஸ்டீம் கப்பல் ஆச்சே! கம்பெனியோட பேர்லயே ஸ்டீம் இருக்கே!

சரி, தப்பு தெரிஞ்சுபோச்சு. அதைச் செஞ்ச ஏழாங்கிளாஸ் பையன்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?

முதல் வழி: ‘‘ஏல, சரித்திரமே தெரியாம எதுக்குல கப்பல் செய்ய வந்த?’’

ரெண்டாவது வழி: ‘‘சூப்பர் தம்பி!’’னு சிரிச்சுட்டு நடையைக் கட்டறது.

மூணாவது வழி: ‘‘தம்பி, முன்பக்கத்து வளைவு அருமையா வந்திருக்கு. எப்படில வளைச்ச? ஒண்ணு சொல்லவா... இந்தக் கொடி வந்தது 1947-ல. கப்பல் 1907. கொடியை மட்டும் எடுத்துட்டு, நடுவுல ஒரு புகைபோக்கி வெச்சுப் பாரேன்.’’

முதல் வழியில போனா, பையன் அடுத்த வருஷம் கப்பல் பக்கமே வர மாட்டான். ரெண்டாவது வழியில போனா, அடுத்த வருஷமும் அதே கொடி பறக்கும். மூணாவது வழியைப் பத்திதான் இந்தக் கட்டுரை!

யார் இந்தக் கப்பல் பார்ட்டிங்க?

ஏரோ மாடலிங் தெரியும், ரோபோட்டிக்ஸ் தெரியும். ‘கப்பல் மாடலிங்’னு ஒரு ஹாபி இருக்கறது நம்ம காம்பஸ்ல நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா, என்.சி.சி. நேவல் விங் கேடட்களைக் கேட்டுப் பாருங்க, கண்ணு விரியும். வருஷாவருஷம் நடக்கிற ஆல் இந்தியா நௌ சைனிக் கேம்ப்ல படகு வலிக்கிறது, கொடி சைகை, துப்பாக்கி சுடுறது வரிசையில கப்பல் மாடலிங்கும் ஒரு போட்டி. ஷோகேஸ்ல அழகா நிக்கிற மாடலும் உண்டு. தண்ணியில நிஜமாவே ஓடுற மாடலும் உண்டு. தூத்துக்குடியிலயும் நாகர்கோவில்லயும் நேவல் யூனிட் இருக்கறதால நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இந்த ஹாபி அந்நியம் இல்லை.

இதுல ஸ்கேல்தான் கடவுள். 1:350 ஸ்கேல்னா மாடல்ல ஒரு மில்லிமீட்டர், நிஜக் கப்பல்ல 35 சென்டிமீட்டர். 2022-ல கடற்படையில சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்தோட நீளம் 262 மீட்டர். அதை இந்த ஸ்கேல்ல செஞ்சா முக்கால் மீட்டர் வரும். மேல்தளத்துல நிக்கிற மாலுமி ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டார். அரை மில்லி தடிமன்ல ஒரு தையல் நூலைக் கட்டிட்டு ‘கயிறு’னு சொன்னீங்கன்னா, நிஜத்துல அது பதினேழரை சென்டிமீட்டர் தடிமன். ஆளோட தொடை சைஸ்ல கயிறு!

இப்ப புரியுதா, இந்த ஹாபியில குறை சொல்ல எவ்வளவு இடம் இருக்குனு? ஒவ்வொரு மில்லிமீட்டர்லயும் ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கும். மூணு மாசம் ராத்திரி கண்விழிச்சு உப்புத்தாள் தேய்ச்சு, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு ஒருத்தன் கொண்டுவந்து வைப்பான். மூணே செகண்ட்ல ஒருத்தர் வந்து ‘மாஸ்ட் சாஞ்சிருக்கு’னு சொல்லிட்டுப் போயிடுவார். சாஞ்சிருக்கறதும் நிஜம். மனசு உடையறதும் நிஜம்.

வெளிநாட்டுல இந்த மாதிரி ஆளுக்கு ‘ரிவெட் கவுன்ட்டர்’னே பட்டப்பேர் உண்டு. கப்பலைப் பார்க்க மாட்டாராம். அதுல எத்தனை ரிவெட் குறையுதுனு எண்ணிட்டே இருப்பாராம். இவருக்கு நேர் எதிர்த் துருவம் நம்ம ‘செம மச்சி’ பார்ட்டி. எதைக் காட்டினாலும் செம, எப்படிச் செஞ்சாலும் செம. இவர் சொல்ற பாராட்டுக்கு மதிப்பே இல்லை. ஏன்னா, பார்க்காமலேயே சொல்றார்!

ரெண்டு பேர்ல யார் மோசம்? பட்டிமன்றம் வெச்சா நான் ரெண்டாவது அணிக்கு எதிராத்தான் பேசுவேன். ரிவெட் எண்ணுறவராவது உங்க கப்பலைக் குனிஞ்சு பார்த்தாரே!

கரையில நின்னா எல்லாரும் கேப்டன்

எங்க ஊர் கூடங்குளம். 2023 செப்டம்பர்ல ஒரு சம்பவம், பேப்பர்லயும் வந்துச்சு. அணுமின் நிலையத்தோட புது யூனிட்டுகளுக்காக தூத்துக்குடியில இருந்து ரெண்டு பிரமாண்ட நீராவி ஜெனரேட்டர்களை ஏத்திக்கிட்டு ஒரு மிதவைக் கப்பல் வந்துச்சு. கிட்டத்தட்ட ஊர் வந்து சேர்ந்தாச்சு. இழுத்து வந்த கயிறு அறுந்து, கரைக்குப் பக்கத்துலயே பாறையில சிக்கி நின்னுடுச்சு.

இந்த மாதிரி ஒண்ணு நடந்தா டீக்கடையில ஒரு கிளாஸ் டீ ஆறுறதுக்குள்ள பத்து கேப்டன், இருபது சீஃப் இன்ஜினீயர் முளைச்சிடுவாங்க. ‘இப்படி இழுத்திருக்கணும்’, ‘அப்படித் திருப்பியிருக்கணும்’. அலை எவ்வளவு, காத்து எந்தப் பக்கம், கயிறு எவ்வளவு எடை தாங்கும்... எதுவும் தெரியாது. ஆனா, தீர்ப்பு மட்டும் ரெடி.

மாடலிங் உலகத்துலயும் இதே கதைதான். ஒரு தடவையாவது பலகையை நீராவியில காட்டி வளைச்சவர், ‘இந்த வளைவு சரியில்லை’னு சொல்ற விதமே வேற. ‘‘இங்கதான் எல்லாருக்கும் விரிசல் விடும். பலகையை இன்னும் மெலிசா சீவிட்டு வளைச்சுப் பாரு’’னு அவர் சொல்வார். குறையோட சேர்த்து வழியும் அதுல இருக்கும்.

தண்ணிதான் ஜட்ஜ்!

மாடல் கப்பலை வெச்சு நடந்த பெரிய விவாதம் ஒண்ணு உங்க சிலபஸ்லயே இருக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ‘ஃப்ரூட் நம்பர்’ படிச்சிருப்பீங்களே... அந்த வில்லியம் ஃப்ரூட்தான் ஹீரோ.

இங்கிலாந்துல 1860-கள்ல அவர் மூணு அடி, ஆறு அடி, பன்னிரண்டு அடினு மாடல் கப்பல்களைச் செஞ்சு டார்ட் ஆத்துல இழுத்துப் பார்த்தார். ‘குட்டி மாடல் தண்ணியில எப்படிப் போகுதுங்கறதை வெச்சு, நிஜக் கப்பல் எப்படிப் போகும்னு கணக்குப் போட்டுச் சொல்லலாம்’கறது அவர் கட்சி. 1870-ல கப்பல் பொறியாளர்கள் சபையில இந்தப் பேச்சு வந்தப்ப, ஜான் ஸ்காட் ரஸ்ஸல் எழுந்தார். சாதாரண ஆள் இல்லை. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ங்கிற ராட்சசக் கப்பலைக் கட்டினவர். ‘ரொம்ப அழகான குட்டிக் குட்டிப் பரிசோதனைகள், செய்யற ஃப்ரூட்டுக்கும் சந்தோஷம், கேட்கிற நமக்கும் சந்தோஷம், ஆனா பெரிய கப்பலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது’ங்கிற அர்த்தத்துல பேசினார்.

கவனிச்சீங்களா? ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எல்லாமே தேன் தடவின வார்த்தை. ஆனா, ஆளை ‘பொம்மை வெச்சு விளையாடுற பிள்ளை’னு ஆக்கியாச்சு. வார்த்தையில மரியாதை இருந்தா மட்டும் மரியாதை வந்துடாது பாஸ்.

அதே சமயம் ரஸ்ஸல் எழுப்பின சந்தேகத்துல விஷயம் இருந்துச்சு. அதுவரை மாடல் கணக்கு பெரிய கப்பலுக்குச் சரியா பொருந்தினது இல்லை. ஃப்ரூட் பதிலுக்குக் கிண்டலை எடுக்கலை. 1871-ல ‘கிரேஹவுண்ட்’ங்கிற நிஜப் போர்க்கப்பலை ‘ஆக்டிவ்’ங்கிற இன்னொரு கப்பலால இழுக்கவெச்சு, எவ்வளவு விசை தேவைப்படுதுனு அளந்தார். மாடல் கணக்கோட ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்துச்சு! சூட்சுமம் வேகத்துல இருந்துச்சு. மாடல் பதினாறு மடங்கு சின்னதுன்னா, வேகம் பதினாறுல ஒரு பங்கு இல்லை. நாலுல ஒரு பங்கு. நீளத்தோட வர்க்கமூலம்தான் கணக்கு. 1872-ல டார்க்கீ ஊர்ல அவர் அமைச்ச சோதனைத் தொட்டியோட வாரிசுங்கதான் இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கு.

ரஸ்ஸலோட தேன் தடவின கிண்டலை விட்டுடுவோம். அவர் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஃப்ரூட் தண்ணிகிட்ட போய்க் கேட்டார் பாருங்க, அதான் குறையை வாங்கிக்கற அழகு.

சண்டையில மூழ்கின கப்பல்

அதே 1870. அதே இங்கிலாந்து. ஆனா, இந்தக் கதைக்கு க்ளைமாக்ஸ் வேற.

கூப்பர் கோல்ஸ்னு ஒரு கடற்படை கேப்டன். சுழலும் பீரங்கி மேடை வெச்சுப் புதுமாதிரி கப்பல் கட்டணும்னு ஆசை. கடற்படையோட தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீடுக்கு அந்த வடிவத்துல நம்பிக்கை இல்லை. ‘இவ்வளவு தாழ்வான உடம்பு, இவ்வளவு உயரமான பாய்மரம்... ஆபத்து’ங்கறது அவர் கவலை. நியாயமா இது காகிதத்துல கணக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய விவகாரம். ஆனா, காட்டமான கடிதங்கள், பத்திரிகைகள், பார்லிமென்ட்னு அது ‘கோல்ஸ் கட்சியா, ரீடு கட்சியா?’ ஆகிடுச்சு. யார் சொல்றது சரிங்கறதைவிட, யார் ஜெயிக்கறதுங்கறது பெருசாயிடுச்சு.

கோல்ஸ் கட்சி ஜெயிச்சுது. எச்.எம்.எஸ். கேப்டன் கட்டப்பட்டுச்சு. தண்ணியில இறக்கினப்ப, மேல்தளம் கடல்மட்டத்துல இருந்து எட்டு அடி உயரத்துல இருக்க வேண்டியது, எடை கூடிப்போனதால ஆறரை அடியிலதான் இருந்துச்சு. 1870 செப்டம்பர் 7 விடியறதுக்கு முன்னாடி, ஸ்பெயின் பக்கம் அடிச்ச புயல்ல கவிழ்ந்துடுச்சு. கிட்டத்தட்ட 480 பேர் செத்துப்போனாங்க. அவங்கள்ல கூப்பர் கோல்ஸும் ஒருத்தர்.

மேஜை மேல நிக்கிற 1:350 மாடல்ல ஒன்றரை அடி தப்பு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. யாரும் சாக மாட்டாங்க. அதனாலதான் குறை சொல்லவும், குறை கேட்கவும் பழகறதுக்கு இந்த ஹாபியைவிட நல்ல இடம் கிடையாதுனு தோணுது. நாளைக்கு நாமதான் பாலம் கட்டப்போறோம், டர்பைன் ஓட்டப்போறோம், சாஃப்ட்வேர் எழுதப்போறோம். ‘நீ யார்றா என் டிசைனைக் குறை சொல்ல?’ங்கற கேள்வியோட அங்கே போனா விபரீதம்!

நீலமா, சிவப்பா?

குறை சொல்றவர் எப்பவும் சரியாத்தான் சொல்வாரா? அதுக்கு ஸ்வீடன் போகணும்.

‘வாசா’ங்கிற போர்க்கப்பல் 1628-ல முதல் பயணத்துலயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டறதுக்குள்ள மூழ்குச்சு. 333 வருஷம் கழிச்சு 1961-ல முழுசா வெளியே எடுத்தாங்க. உலகம் முழுக்க மாடல் செய்யறவங்களுக்கு வாசான்னா உசுரு. அதோட மேல்பக்கம் நீல நிறத்துல இருந்திருக்கும்னு ரொம்ப நாளா நம்பினாங்க. அதனால நீல வாசாக்கள் ஊரெல்லாம் வலம் வந்துச்சு. சிவப்பு அடிச்ச ஒருத்தன் அப்போ வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? ‘தப்பு, தப்பு, நீலம்தான்!’

1990-கள்ல மரத்துல ஒட்டியிருந்த பெயின்ட் துணுக்குகளை ஆராய்ஞ்சு பார்த்தாங்க. பின்னணி நிறம் சிவப்பு! ஸ்டாக்ஹோம் மியூசியத்துல நிஜக் கப்பலுக்கு முன்னாடி நிக்கிற பெரிய மாடல் இப்ப சிவப்புலதான் இருக்கு.

அதனால, ‘தப்பு’ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல ‘இப்ப கிடைச்சிருக்கிற ஆதாரப்படி’னு ஒரு சின்ன இடம் விட்டு வைக்கிறது நல்லது. பயந்துக்கிட்டு இல்லை... நேர்மைக்காக!

நம்ம வீட்டுச் சோழர் கப்பல்

இப்ப கொஞ்சம் வலிக்கிற ஏரியா. இணையத்துல பல வருஷமா ஒரு போட்டோ சுத்துது. ஒரு மரக் கப்பல் மாடல். ‘திருநெல்வேலி மியூசியத்தில் உள்ள சோழர் கப்பல், பூம்புகார் கடலில் கிடைத்த சிதைவை வைத்துச் செய்தது’ங்கிற மாதிரி ஒரு குறிப்போட. நாமளும் பெருமையா ஃபார்வர்டு பண்ணியிருப்போம்.

பூம்புகார் கடலடியில ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்த்து விரிவா எழுதின ஒரு கப்பல் சிதைவு இருக்கு. அங்கே கிடைச்ச ஈயப் பாளங்கள்ல ‘டபிள்யூ. பிளாக்கெட்’ங்கிற பேரும், 1791, 1792ங்கிற வருஷங்களும் பொறிச்சிருக்கு. ராஜேந்திர சோழன் காலம் பதினோராம் நூற்றாண்டு. இடையில 700 வருஷத்துக்கு மேல இடைவெளி! சோழர் கப்பல்னு உறுதியா சொல்லக்கூடிய ஒரு முழுக் கப்பல் உடம்பு இதுவரை எங்கேயும் கிடைக்கலை.

இதைச் சொன்னா உடனே ‘தமிழனா இருந்துக்கிட்டு சோழரைக் குறை சொல்றியா?’னு ஒருத்தர் வருவார். சோழரை யாரும் குறை சொல்லலை. அந்த மாடலைச் செதுக்கின கைகளையும் குறை சொல்லலை. பிரச்னை அந்தக் குறிப்புச் சீட்டுல மட்டும்தான். கடல் கடந்து படை நடத்தினவங்களுக்கு நாம செய்யற மரியாதை, தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னும் ஊகத்தை ஊகம்னும் எழுதறதுதான்.

அப்படி நேர்மையா செய்ய முடியுமா? முடியும். ‘ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா’வைப் பாருங்க. அஜந்தா குகையில இருக்கிற ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒண்ணை ஆதாரமா வெச்சு, பலகைகளைத் தென்னை நார்க் கயித்தால தைச்சுக் கட்டின கப்பல். பாபு சங்கரன் தலைமையில கேரளத்துக் கைவினைஞர்கள் கட்டினாங்க. வரைபடம் எதுவும் கிடையாது. இருந்தது ஒரு ஓவியம் மட்டும். அதனால வடிவத்தை நம்ம சென்னை ஐ.ஐ.டி. ஓஷன் இன்ஜினீயரிங் துறை மாடல் செஞ்சு தண்ணியில சோதிச்சுப் பார்த்துச்சு. மறுபடியும் தண்ணிதான் ஜட்ஜ்! 2025 மே மாசம் கார்வார்ல கடற்படையில சேர்ந்துச்சு. 2025 டிசம்பர் 29-ம் தேதி போர்பந்தர்ல கிளம்பி, 2026 ஜனவரி 14-ம் தேதி மஸ்கட் போய்ச் சேர்ந்துச்சு. ‘அந்தக் காலத்துக் கப்பல் அச்சு அசல் இதேதான்’னு சொல்லாம, ‘ஓவியத்தை ஆதாரமா வெச்சுச் செஞ்சது’னு சொல்றாங்க பாருங்க... அந்த ஒரு வரிக்கு ஒரு சல்யூட்!

படிக்காத மேதையும் படிச்ச நாமளும்

குறை சொல்ற தகுதி யாருக்கு? இதுலயும் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ‘கேட் பண்ணத் தெரியுமா, டிராயிங் படிக்கத் தெரியுமா’னு பார்ப்போம்.

ஒரு உதாரணம். ‘கட்டுமரம்’னு பேர் போட்டு, ரெண்டு உடம்பைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மேலே தட்டு அடிச்சு மாடல் செய்யறவங்க உண்டு. இங்கிலீஷ்ல ‘கேட்டமரான்’னா ரெட்டை உடம்புக் கப்பல், அந்தச் சொல் நம்ம கட்டுமரத்துல இருந்து போனது, அதனால கட்டுமரமும் ரெட்டை உடம்புதான்னு ஒரு குழப்பம். அந்த மாடலைக் கொண்டுபோய் இடிந்தகரை கடற்கரையில, கட்டுமரத்துல போய்வந்த ஒரு தாத்தாகிட்ட காட்டுங்க. சிரிச்சுடுவார். கட்டுமரம்னா மரத்தைச் சேர்த்துக் கட்டினது. பேர்லயே இருக்கே!

நம்ம கடற்கரையில படகு, தோணி கட்டுற ஆசாரிகளுக்கு ‘ஓடாவி’னு பேர். நாம ‘பௌ’னு படிக்கிற முன்பக்கம் அவங்களுக்கு அணியம். நாம ‘கீல்’னு படிக்கிற அடிமரம் ஏரா. வரைபடம் இல்லாமலேயே கண் அளவுல வளைவு பிடிக்கிற ஆளுங்க. அவங்க ஒரு மாடலைப் பார்த்து ‘அணியம் தூக்கல் பத்தாது’னு சொன்னா, அதை எழுதி வெச்சுக்கணும். ‘அவருக்கு என்ன தெரியும்?’னு நினைச்சா நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொரு விஷயம்... நம்ம நெல்லைப் பக்கத்து ‘லே’! வெளியூர்க்காரங்களுக்கு அது மரியாதைக் குறைவு. நமக்கு? ‘‘லே மக்கா, மாஸ்ட் கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு. நூலை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டு. இரு, நான் புடிச்சுக்கிறேன்’’. இதுல எங்கே இருக்கு அவமரியாதை? ஸ்காட் ரஸ்ஸலோட தேன் வார்த்தையையும் இந்த ‘லே’யையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எது கௌரவமான குறைனு நீங்களே சொல்லுங்க.

உலகக் கப்பல் மாடலிங் அமைப்பான ‘நாவிகா’வோட போட்டியிலயும் இந்த மனசைப் பார்க்கலாம். 1959-ல இருந்து இயங்கற அமைப்பு அது. ஷோகேஸ் மாடல்களுக்கு நூத்துக்கு இத்தனைனு மார்க். வேலைப்பாடு எப்படி, வரைபடத்தோட பொருந்துதா, எவ்வளவு உழைப்புனு தனித்தனியா பார்ப்பாங்க. மெடல் மார்க்கைப் பொறுத்து. பக்கத்து மேஜைக்காரனை ஜெயிச்சதுக்காக இல்லை. தரத்தை எட்டினா ரெண்டு பேருக்குமே தங்கம் கிடைக்கலாம். ‘அவன் தோத்தாத்தான் நான் ஜெயிப்பேன்’ங்கற நிலைமை இல்லைன்னா, பக்கத்து மேஜைக்காரனுக்கு ஒரு நல்ல யோசனை சொல்ல மனசு வருமில்லையா?

பாக்ஸ் மேட்டர்

குறை சொல்லப் போறீங்களா?

1. ‘ஒரு கருத்து சொல்லலாமா?’னு கேட்டுட்டுத் தொடங்குங்க. பசை காயறதுக்கு முன்னாடி சொன்னா அது உதவி. வார்னிஷ் அடிச்சு முடிச்சப்புறம் சொன்னா வெறும் வலி.

2. எதுக்காகச் செய்யறாங்கனு தெரிஞ்சுக்குங்க. நேஷனல் கேம்ப் போற மாடலுக்கு ஒரு அளவுகோல். தங்கச்சி பிறந்தநாளுக்குச் செய்யற கப்பலுக்கு வேற அளவுகோல்.

3. இடத்தைச் சுட்டிக்காட்டுங்க. ‘ஏதோ சரியில்லை’ன்னா தூக்கம்தான் போகும். ‘புகைபோக்கி ரெண்டு மில்லி பின்னாடி தள்ளியிருக்கு’ன்னா திருத்தலாம்.

4. எப்படித் தெரியும்னும் சொல்லுங்க. போட்டோவா, வரைபடமா, அனுபவமா? ஆதாரம் இல்லைன்னா, அது கேள்வியா இருக்கட்டும்.

5. பாராட்டைச் சபையில சொல்லுங்க. குறையைத் தோள்ல கைபோட்டுத் தனியா சொல்லுங்க.

6. ஒரு தடவைக்கு ரெண்டு குறை போதும். பதினெட்டுக் குறை லிஸ்ட்டைப் படிச்சுட்டு எழுந்து நடந்தவன் யாரும் இல்லை.

குறை கேட்கப் போறீங்களா?

1. ‘நல்லாருக்கா?’னு கேட்டா ‘செம’னுதான் பதில் வரும். ‘எங்கே இடிக்குது?’னு கேளுங்க.

2. ‘டைம் இல்லை’, ‘பெயின்ட் கிடைக்கலை’னு உடனே ஆரம்பிக்காதீங்க. முதல்ல எழுதி வெச்சுக்குங்க.

3. ஆதாரம் கேட்கலாம். முறைச்சுக்கிட்டுக் கேட்க வேண்டாம்.

4. எல்லாத்தையும் மாத்தணும்னு கட்டாயம் இல்லை. கப்பல் உங்களோடது. ஆனா, மாத்தினதைச் சொன்னவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. அடுத்த தடவை அவரே தேடி வந்து உதவுவார்.

நம்ம ரிவ்யூ ஹால்ல...

இந்த ஹாபிக்கு நம்ம நாட்டுல ஆள் ரொம்பக் கம்மி. சீனியர் ஒருத்தர் ஃபர்ஸ்ட் இயர் கேடட்டை நாலு பேர் முன்னாடி கலாய்ச்சு அனுப்பினா, ஒரு நல்ல கை அதோட போச்சு. உப்புத்தாள் எந்த நம்பர் முதல்ல, எது கடைசியிலங்கிற ரகசியமெல்லாம் அந்த சீனியரோடயே முடிஞ்சுபோகும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம ஒரு கலை செத்துப்போறது நமக்குப் புதுசா என்ன?

நம்ம காலேஜ் புராஜெக்ட் ரிவ்யூவையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஒண்ணு, ‘இதெல்லாம் ஒரு புராஜெக்டா?’ங்கிற கிழி. இல்லைன்னா, ‘மச்சி, பட்டையைக் கிளப்பிட்ட’ங்கிற கூட்டுப் பொய். நடுவுல இருக்கிற அந்த மூணாவது வழியை நாம பழகறதே இல்லை. வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்கப்போற கேள்வியை, முந்தின நாள் ராத்திரியே ஹாஸ்டல் ரூம்மேட் கேட்டிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!

அதனால மக்களே, அடுத்த தடவை யாராவது தான் செஞ்சதைக் கொண்டுவந்து உங்க முன்னாடி வெச்சா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் குனிஞ்சு நல்லா பாருங்க. அது கப்பலோ, சர்க்யூட்டோ, கவிதையோ... எதுவா வேணா இருக்கட்டும். மூணு மாச உழைப்புக்கு ஒரு நிமிஷக் கவனம்... அதுதான் முதல் மரியாதை. அப்படிப் பார்த்தா எங்கே சாஞ்சிருக்குனு தன்னால தெரியும். செஞ்சவன் மேல கொஞ்சம் பிரியமும் இருந்துட்டா, அதை எப்படிச் சொல்லணும்ங்கறதும் தன்னால வந்துடும்!